மூடிக்குப் பிரதிஷ்டை இல்லை

ஆர்டிஸ் குவாமே புனித போட்டோல்ஃப் ஆலயத்துக்குப் போனது கடவுளைத் தேடி அல்ல, அக்காவின் பாத்திரத்தைத் தேடி. இதை முதல் நாளே வாசலில் நின்ற எல்லாரிடமும் அவள் தெளிவாகச் சொன்னாள். யாரும் அவளைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அதுதான் இந்தக் கதையில் உள்ள வேதனை.

ஓட்டர் கிரீக் என்ற அமெரிக்கச் சிற்றூரில் யாராவது இறந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அழுவதற்கு முன்பே அடுப்பை மூட்டிவிடுவார்கள். கொத்துக்கறியும் காளான் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி, ஓவனில் வேகவைத்த ஹாட்டிஷ் இல்லாமல் அந்த ஊரில் எவரும் மண்ணுக்குள் போனதில்லை. பாத்திரத்தின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு பாத்திரங்களெல்லாம் கழுவித் துடைத்து ஆலயத்தின் நிலவறைச் சமையல்கூடத்தில் காத்திருக்கும். உரியவர் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். லுத்தரன்கள் அப்படித்தான் செய்கிறார்கள், கத்தோலிக்கர்களும் அப்படித்தான். எபிஸ்கோப்பல் எனப்படும் ஆங்கிலிக்கன் சபைக்காரர்கள் மட்டும் வேறு மாதிரி இருப்பார்கள் என்று லுத்தரன் ஆர்டிஸுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பாத்திரம் சாதாரணப் பாத்திரமாக இருந்திருந்தால் அவள் விட்டுத் தொலைத்திருப்பாள். நீலப்பூ போட்ட பெரிய வெள்ளைப் பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடியோடு. அவர்கள் அம்மாவுடையது. அம்மா போனதும் அது யாருக்கு என்ற கேள்வியில் அக்கா லவோனும் ஆர்டிஸும் ஒன்பது வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே லுத்தரன் ஆலயத்தில் இரண்டு கோடியில் உட்கார்ந்து, ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பாஸ்டர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். பாத்திரம் லவோனிடம் இருந்தது. அடியில் லவோன் என்று டேப்பில் கொட்டை எழுத்தில் எழுதியும் இருந்தது.

இந்தக் கோடையில் ஒரு நாள் லவோன் பிக்கப் வண்டியை ஆர்டிஸின் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

"இந்தா, பிடி. கொஞ்ச நாள் நீயும் வெச்சுக்கோ. ஆனா நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு எங்க வீட்டுக்கு இதுலதான் சமைச்சு எடுத்துட்டு வரணும். வேற பாத்திரத்துல வந்த, வாசப்படி ஏற விடமாட்டேன்."

அவ்வளவுதான். மன்னிப்பு, கட்டிப்பிடிப்பு எதுவும் கிடையாது. அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இதுவே மிகையான உணர்ச்சிப் பெருக்கு. லவோன் போனபின் ஆர்டிஸ் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

செப்டம்பரில் பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் இறந்தாள். எபிஸ்கோப்பல்காரி, நல்லவள். ஆர்டிஸின் சொந்தப் பாத்திரம் அடக்கத்துக்கு வரும் அவ்வளவு பேருக்குப் போதாது. கை தானாக நீலப்பூ பாத்திரத்தை எடுத்தது.

அடுத்த ஞாயிறு புனித போட்டோல்ஃப் ஆலயத்தின் சிவப்புக் கதவைத் தள்ளியபோது மூன்று பேர் ஒரே நேரத்தில் அவள் கையைப் பிடித்தார்கள். நான்காவதாக வந்த பெண்மணி கழுத்துப்பட்டை அணிந்த குரு, பேராயருக்கு உதவும் கேனன் என்ற பதவியில் இருப்பவர். கையில் பெயர் வில்லைகள், முகத்தில் வேட்டைக்காரனுக்கு மான் தட்டுப்பட்ட பிரகாசம்.

"வாங்க, வாங்க! நான் கேனன் பிரிசில்லா. பிஷப் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன். உங்க பேரு?"

"ஆர்டிஸ். நான் என் பாத்திரத்த எடுத்துட்டுப் போக வந்தேன். கீழ சமையல்கட்டுல இருக்கும்."

"ஆர்டிஸ்!" கேனன் அந்தப் பெயரை வில்லையில் எழுதி அவள் கோட்டில் ஒட்டி, ஒட்டிய இடத்தைத் தட்டியும் கொடுத்தார். "முதல்ல உட்காருங்க."

அது பெரும்புல்வெளித் திருமண்டலத்தின் 'திறந்த கதவு ஆண்டு', புது ஆட்களைச் சேர்ப்பதற்கான இயக்கம். ஜனவரியில் பேராயரே எல்லா ஆலயக் கதவுகளுக்கும் எண்ணெய் போட உத்தரவிட்டுத் தொடங்கிவைத்தது. வெளியே போய் மக்களைச் சந்திப்பது எப்படி என்று உள்ளே உட்கார்ந்து பயிற்சி எடுத்தார்கள். சுவரொட்டி, தொப்பி, காபிக் கோப்பை எல்லாம் அடித்தாயிற்று. குறை ஒன்றுதான். திறந்த கதவு வழியாகத் திருமண்டலம் முழுவதிலும் அதுவரை ஒரு புது ஆள்கூட நுழையவில்லை. ஒரு ஊரில் ஒரு நாய் வந்ததாகச் செய்தி வந்து, விசாரித்ததில் அது சபையாரின் நாய்தான் என்று தெரிந்தது.

ஆர்டிஸ் மரியாதை தெரிந்தவள். ஆராதனை நடக்கும்போது சமையல்கட்டில் உருட்டுவது நன்றாக இருக்காது என்று கிடைத்த இருக்கையில் உட்கார்ந்தாள். ஆலயம் முழுதும் மூச்சை இழுத்துப் பிடித்தது. அது ஒரு கிழவர் நாற்பது வருஷமாக உட்காரும் இடம். அவர் இடைகழியில் நின்றபடியே, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரி, ஆராதனை முடியும்வரை அவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். எழுந்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, மறுபடி எழுந்து அவள் முட்டி இரண்டும் கழன்றுவிட்டன. சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரம் வந்ததும் எல்லாரும் அவளிடம் வரிசையில் வந்தார்கள். சிலர் இரண்டாம் முறையும் வந்தார்கள்.

பிறகு காபி. ஆர்டிஸ் மறுபடி கேட்டாள்.

"என் பாத்திரம், கேனனம்மா. வெள்ளை. நீலப்பூ போட்டது."

கேனன் பிரிசில்லா அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "உங்க பாத்திரம் இங்கதான் பத்திரமா இருக்கு. நான் மறைக்கமாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. வந்த ஆளு கேட்டத உடனே கையில குடுத்துட்டா, அவங்க வாங்கிட்டுப் போயிடுவாங்க. மறுபடி வரவே மாட்டாங்க. இது எங்க அனுபவம். போன வருஷம் இலவசமா கம்பளி குடுத்தோம். எல்லாரும் கம்பளிய வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க!"

"குளிருக்குத்தானே வாங்கினாங்க?"

"அதேதான்! அதுக்குப் பேரு கடை. நாங்க கடை இல்ல. முதல்ல உறவு, அப்புறம்தான் உதவி. அடுத்த ஞாயிறு வாங்க."

அன்று மாலை லவோன் போன் செய்தாள்.

"என்னடி, புனித போட்டோல்ஃபுக்குப் போனியாமே? ஊர்ல பேசிக்கறாங்க. மதம் மாறிட்டியா?"

"இல்லக்கா. பியாட்ரிஸ் சாவுக்கு... ஒரு வேலையாப் போனேன்."

பாத்திரத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. அக்கா கொடுத்ததை அவளைக் கேட்காமல் வெளியே எடுத்துப்போனதைப் போனில் எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறு வாங்கிவிட்டால் சொல்லவே வேண்டாம்.

அடுத்த ஞாயிறு பாத்திரத்தை அவளே கண்டுபிடித்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. ஆலயத்தின் முன்பக்கம், ஞானஸ்நானம் கொடுக்கும் கல்தொட்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் வெள்ளைப் பூ.

பீடத்துத் துணிகளுக்கும் வெள்ளிகளுக்கும் பொறுப்பான திருமதி ஹாலிஸ் பெம்ப்ரோக் முத்துமாலையைத் தடவிக்கொண்டே விளக்கினார். "தொட்டிக்குள்ள வெக்கற வெள்ளிக் கிண்ணத்த பாலிஷுக்கு அனுப்பிருக்கோம். என் பேத்திக்கு இன்னைக்கு ஞானஸ்நானம், பிஷப் வேற வர்றாரு. கீழ போய்ப் பாத்தேன். உங்க பாத்திரம் அச்சு வார்த்த மாதிரி தொட்டிக்குள்ள உக்காந்துச்சு. என்ன பாக்கியம், பாருங்க!"

"அதுல ஹாட்டிஷ் பண்ணியிருந்தேங்க."

"கழுவிட்டேன். ரெண்டு தடவை. வெங்காய வாசனை போகறதுக்கு ரோஜாத் தண்ணியும் ஊத்தினேன்."

ஆர்டிஸ் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஆர்கன் முழங்கியது. பேராயர் தடேயஸ் விக்கம் தொப்பியும் கோலுமாக நடந்து வந்தார். உயரமான மனிதர். குரலுக்கென்றே தனியாக ஒரு சம்பளம் கொடுக்கலாம். அவர் தொட்டிமேல் கைநீட்டி, "இந்தப் பாத்திரத்தைப் பரிசுத்த உபயோகத்துக்கென்று என்றென்றைக்குமாகப் பிரதிஷ்டை செய்கிறோம்" என்றார். என்றென்றைக்குமாக என்பதை இரண்டு முறை சொன்னார். குழந்தை வீறிட்டது. ஆர்டிஸுக்கும் வீறிடத் தோன்றியது. அவள் லுத்தரன் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

காபி வேளையில் அவள் நேராகப் பேராயரிடமே போனாள். அவர் கேக் துண்டைக் கீழே வைத்துவிட்டு முழுக் கவனத்தோடு கேட்டார். கேட்பது அவருடைய தனித்திறமை என்று அந்தத் திருமண்டலத்தில் பேர்.

"அதாவது, அம்மா, பாத்திரம் உங்களோடது. அதுல சந்தேகமே இல்ல."

"அப்பாடா."

"ஆனா அது இப்ப பரிசுத்தமானது. பரிசுத்தமானத நீங்க ஓவன்ல வைக்க முடியாது பாருங்க. பிரதிஷ்டைய நீக்கணும்."

"நீக்கிடுங்களேன், பிஷப் ஐயா. ஒரு ஜெபம்தானே?"

பேராயர் வருத்தத்தோடு தலையசைத்தார். "ஆலயக் கட்டடம்னா சுலபம். அதுக்கு முறை இருக்கு, புத்தகம் இருக்கு. நானே பதினோரு ஆலயத்தோட பிரதிஷ்டைய நீக்கி மூடியிருக்கேன். ஒவ்வொண்ணும் அரைமணி நேரம்தான், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவேன். ஒண்ணு இப்ப ஜிம்மா இருக்கு, நல்லா ஓடுது. ஆனா பாத்திரத்துக்கு? முன்னுதாரணமே இல்ல. அவசரப்பட்டு ஏதாவது செஞ்சு திருச்சபைக்கு ஒரு கேடு வந்துடக்கூடாது இல்லையா? ஒரு குழு போடலாம்."

குழு போட்டார்கள். சமூகத்தின் குரல் அதில் ஒலிக்க வேண்டும் என்று கேனன் வலியுறுத்தியதால் ஆர்டிஸையே உறுப்பினராக்கினார்கள். பாத்திரத்தில் அவளுக்குச் சொந்த அக்கறை இருப்பதால், பாத்திரம் பற்றிய வாக்கெடுப்பில் அவள் கலந்துகொள்ளக் கூடாது என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அந்த ஒருமனதில் அவளுடைய வாக்கும் இருந்தது. கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது.

குழு, செவிகொடுத்தல் வட்டமாகக் கூடியது. நடுவில் ஒரு மெழுகுவத்தி. ஆற்றங்கரையிலிருந்து பொறுக்கிய ஒரு கூழாங்கல். கல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் கேட்க மட்டும் வேண்டும். பதில் சொல்லக் கூடாது. அந்த ஆலயத்தின் குருவானவர் கில்பர்ட் கல்லைப் பிடித்துக்கொண்டு, தனக்குச் சிறுவயதில் சூப் பிடிக்காது என்று கலங்கினார். அவர் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது, அதைத் தவிர அவருக்கு வேறு நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை. திருமதி பெம்ப்ரோக் கல்லைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பேத்தியைப் பற்றிப் பேசினார். ஒரு வழியாகக் கல் ஆர்டிஸிடம் வந்தது.

"என் பாத்திரத்தக் குடுங்க" என்றாள் ஆர்டிஸ்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"நன்றி, ஆர்டிஸ்" என்றார் கேனன் பிரிசில்லா, கண் பளபளக்க. "நீங்க சொன்னத நாங்க கேட்டோம்." அதை ஒரு மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். கல் அடுத்தவரிடம் போனது.

அடுத்த கூட்டத்திலும் அவள் அதையேதான் சொன்னாள். இந்த முறை அது பச்சைத் தாளில் ஏறியது. மூன்றாவது கூட்டத்தில் கல்லைக் கொடுக்கமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். அரைமணி நேரம் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். இதைவிட ஆழமான கூட்டம் தன் அனுபவத்தில் நடந்ததில்லை என்று கேனன் பிறகு திருமண்டலப் பத்திரிகையில் எழுதினார். கூடவே ஆர்டிஸின் படமும் வந்தது.

அக்டோபர் கடைசியில் ஒரு முன்னேற்றம். குழு மிகுந்த யோசனைக்குப் பின் ஒரு உண்மையைக் கண்டுபிடித்திருந்தது. பேராயர் ஜெபித்தபோது பாத்திரத்தின் மூடி தொட்டியில் இல்லை, கீழே சமையல்கட்டு இழுப்பறையில் கிடந்தது. ஆகவே மூடிக்குப் பிரதிஷ்டை இல்லை. அதை இடைக்காலத் தீர்வாக வழங்கலாம்.

வழங்கினார்கள். ஆராதனையின் நடுவில், கைதட்டலுடன். கேனன் மூடியைத் தூக்கிக் காட்டி, "இது முடிவல்ல, பயணம்" என்றார். ஆர்டிஸ் கண்ணாடி மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த மூடியாவது கிடைத்ததே என்று மனசுக்குள் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டதை நினைத்தபோது தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அவள் கெட்ட நேரம், வீட்டு வாசலில் லவோனின் பிக்கப் நின்றது.

லவோன் மூடியைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். "பாத்திரம் எங்க?"

ஆர்டிஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சாவு, தொட்டி, பிஷப், கூழாங்கல். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்பக்கூடியதாக இல்லை.

"நிறுத்துடி" என்றாள் லவோன். முகம் கல்லாகிவிட்டது. "உடைச்சுட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். ஒன்பது வருஷம் கழிச்சு நானா வந்து குடுத்தேன். நீ என்னன்னா மூடியத் தூக்கிட்டு வந்து நின்னு, பிஷப் என் பாத்திரத்த சாமி ஆக்கிட்டாருன்னு கதை விடற. திருப்பிக் கொடுக்க இஷ்டம் இல்லன்னா நேராச் சொல்லு."

"அக்கா, சத்தியமா..."

"மூடிய நீயே வெச்சுக்கோ."

வண்டிக் கதவு அறைந்து மூடியது. ஆர்டிஸ் சமையலறையில் உட்கார்ந்து மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ஒன்பது வருஷம் என்றால் லவோனுக்கு எண்பது ஆகிவிடும். அவ்வளவு காலம் இருவரும் இருப்பார்களா என்பதே நிச்சயமில்லை. ஒரு குழுவின் பெரிய மனிதர்கள் மெழுகுவத்தி ஏற்றி வைத்து உட்கார்ந்து, அவளுக்கு இருந்த ஒரே உடன்பிறப்பை அவளிடமிருந்து பிரித்துவிட்டார்கள். அதுவும் உறவு முதலில் என்று சொல்லிக்கொண்டே.

மறுநாள் அவள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் இது: திருமண்டலப் பத்திரிகையை மடித்து லவோனின் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். முதல் பக்கத்தில் வண்ணப் படம். பூக்களுக்கு நடுவே நீலப்பூ பாத்திரம், பக்கத்தில் பேராயர். கீழே கொட்டை எழுத்தில், நவம்பரில் நடக்கும் திருமண்டலப் பெருமன்றத்தில் எல்லாரும் இதைத் தரிசிக்கலாம் என்று போட்டிருந்தது.

சாயங்காலம் போன் அடித்தது.

"ஆர்டிஸ்."

"சொல்லுக்கா."

"அது என் பாத்திரம்தான்டி."

"ஆமா."

"அந்த ஆளு அதுல தண்ணி ஊத்தி வெச்சிருக்கான்."

"ஆமாக்கா."

"சனிக்கிழமை காலைல ரெடியா இரு. நான் வண்டிய எடுத்துட்டு வரேன். மூடிய மறக்காத."

பெருமன்றம் நகரத்து ஓட்டல் ஒன்றின் கல்யாண ஹாலில் நடந்தது. ஒவ்வொரு ஊர்ச் சபையும் ஒரு வட்ட மேசை. ஆர்டிஸ் வந்தது தெரிந்ததும் ஒரு சலசலப்பு. அவள்தான் அந்த வருஷத்தின் புது ஆள், மொத்தத் திருமண்டலத்துக்கும் ஒரே ஆள். கேனன் ஓடிவந்து பெயர் வில்லையை ஒட்டினார். லவோனைப் பார்த்ததும் இன்னொரு வில்லையை எடுத்தார்.

"இவங்க..?"

"என் அக்கா."

"இரண்டாவது!" என்றார் கேனன் கம்மிய குரலில். "ஆர்டிஸ், நீங்க இன்னொருத்தரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. நூறு சதவீத வளர்ச்சி." அவர் லவோனின் கோட்டில் வில்லையை ஒட்ட, லவோன் அதை உரித்து அவர் கோட்டிலேயே திருப்பி ஒட்டினாள்.

மேடையில் கறுப்பு வெல்வெட் துணிமேல், தனி விளக்கடியில், பாத்திரம் பாதி தண்ணீருடன் இருந்தது. பக்கத்தில் நின்று பேராயர் பேசினார்.

"அன்பானவர்களே! இந்த ஆண்டு எத்தனை பேருக்கு உணவளித்தோம் என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். அது பழைய கேள்வி. பசியைப் பற்றி எத்தனை பேரிடம் உரையாடினோம் என்பதே புதிய கேள்வி. நானே பன்னிரண்டு உரையாடல்களில் கலந்துகொண்டேன், எல்லாவற்றிலும் மதிய உணவு வழங்கப்பட்டது. இதோ இந்த எளிய பாத்திரம். ஒரு காலத்தில் இதில் உருளைக்கிழங்கு இருந்ததாம். இன்று இது அதைவிட உயர்ந்த ஒன்றை ஏந்தி நிற்கிறது. நம்முடைய நோக்கத்தை. உணவு தீர்ந்துவிடும். நோக்கம் தீர்வதே இல்லை. இதைத் திரும்பக் கேட்ட சகோதரியின் குரலை இரண்டு வண்ணத் தாள்களில் பதிந்து வைத்திருக்கிறோம். அவை என் அலுவலகச் சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டுள்ளன. இதைவிட ஒரு மனிதருக்குச் செவிகொடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை."

"எனக்குத் தெரியும்" என்றாள் லவோன்.

கத்தவில்லை. களத்துமேட்டில் தானிய லாரிக்காரர்களை அதட்டிப் பழகிய குரல், அது போதுமாக இருந்தது. நடுவழியே நடந்து மேடைப்படி ஏறினாள். பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கவிழ்த்தாள். பரிசுத்தத் தண்ணீர் முழுவதும் பேராயரின் ஷூவில் விழுந்தது. அடிப்பாகத்தைச் சபைக்குக் காட்டினாள். எத்தனை கழுவலுக்கும் ரோஜாத் தண்ணீருக்கும் அசையாத மாஸ்கிங் டேப்.

"படிங்க, பிஷப் ஐயா."

பேராயர் குனிந்து படித்தார். "லவோன்."

"அது நான்தான். இவ என் தங்கச்சி. இதுல சமைச்சு எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வரணும்னு நான் சொல்லியிருக்கேன். நீங்க என்ன வேணா ஓதிக்கோங்க, அது நான் சொன்னதுக்கு அப்புறம்தான். காலியா வெச்சுக் கும்பிடறதுக்கு உங்ககிட்ட வெள்ளிக் கிண்ணம் இருக்கில்ல?"

யாரும் தடுக்கவில்லை. தடுக்க எண்ணம் இல்லாமல் இல்லை, வழிமுறை இல்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்று நடந்தால் முதலில் ஒருவர் தீர்மானம் கொண்டுவர வேண்டும். ஒருவர் எழுந்து, இரு சகோதரிகளும் பாத்திரத்தோடு வெளியேறுவதை மன்றம் கவனத்தில் கொள்வதாகத் தீர்மானம் கொண்டுவந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். "கவனத்தில்" என்பதற்கு முன் "அன்போடு" என்று சேர்க்கத் திருமதி பெம்ப்ரோக் திருத்தம் கொண்டுவந்தார். அன்போடா, வருத்தத்தோடா என்று விவாதம் சூடுபிடித்தபோது சகோதரிகள் வண்டி நிறுத்துமிடத்துக்கே வந்துவிட்டார்கள்.

லவோன் வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பினாள். பாத்திரம் ஆர்டிஸின் மடியில், மூடி போட்டபடி. அறுவடை முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் ஓடின.

"அந்த ஷூவப் பாத்தியா?" என்றாள் லவோன் திடீரென்று.

ஆர்டிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். லவோனும் சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு லவோன் சொன்னாள்: "உன்ன நம்பாததுக்குத் தப்பு என்மேலதான்டி."

ஓரத்தில் நின்ற வண்டியில், பாத்திரத்துக்குக் குறுக்கே, ஆர்டிஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேங்க்ஸ்கிவிங் அன்று ஆர்டிஸ் ஹாட்டிஷோடு லவோன் வீட்டு வாசப்படி ஏறினாள். வான்கோழியைச் சீந்த ஆளில்லை, பாத்திரம்தான் முதலில் காலியாகத் தொடங்கியது. பாதிச் சாப்பாட்டில் கதவு தட்டும் சத்தம்.

கேனன் பிரிசில்லா நின்றிருந்தார். தலையில் பனி. கையில் ஒரு கண்ணாடித் தட்டில் பூசணிக்காய் வைத்துச் சுட்ட 'பை' என்ற இனிப்பு.

"தொடர் சந்திப்புக்கு வந்தேன்" என்றார். "புது ஆட்கள வீட்டுல போய்ப் பாக்கணும்னு எங்க முறை."

"பண்டிகை அன்னிக்கா? உங்க வீட்டுல யாரும் இல்லையா?" என்றாள் லவோன்.

கேனன் தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "இல்ல" என்று மட்டும் சொன்னார்.

லவோன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆர்டிஸ் நீலப்பூ பாத்திரத்திலிருந்து ஒரு தட்டு நிறையப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். யாரும் அவர் கோட்டில் எதையும் ஒட்டவில்லை. கேனன் சாப்பிட்டார். இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். மூன்றாம் முறை கேட்காமலே போட்டார்கள். அவ்வளவு நேரமும் உறவு என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை.

அவர் போனபின் லவோன் பாத்திரம் கழுவும்போது பைத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒன்றும் இல்லை. வெறும் கண்ணாடி.

"பேரே போடல பாரு. படிச்சவ."

திங்கட்கிழமை போன் வந்தது. "லவோன், என் பைத் தட்டு அங்கயே இருக்கா?"

"இருக்கு, பத்திரமா இருக்கு. ஆனா வந்த உடனே கையில குடுத்துட முடியாது பாருங்க. இது கடை இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க. சூப் வெக்கறேன்."

கேனன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நகரத்திலிருந்து அத்தனை தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். ஆர்டிஸும் வந்திருந்தாள். சூப் குடித்தார்கள், சீட்டு விளையாடினார்கள். கேனன் சீட்டில் ஏமாற்றினார், லவோன் கையும் களவுமாகப் பிடித்தாள். கிளம்பும்போது ஆர்டிஸ் தட்டை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். கேனன் வாங்கிக்கொண்டார், கதவருகே போனார், கோட்டுப் பொத்தான் போடுவதற்காகத் தட்டை அலமாரிமேல் வைத்தார், பொத்தான்களைப் போட்டார், இருவருக்கும் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"ஐயோ, மறந்துட்டாங்க!" ஆர்டிஸ் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடப் பார்த்தாள்.

"இருடி" என்றாள் லவோன். இழுப்பறையிலிருந்து மாஸ்கிங் டேப்பை எடுத்து ஒரு துண்டு கிழித்தாள். தட்டைக் கவிழ்த்து ஒட்டி, பிரிசில்லா என்று கொட்டை எழுத்தில் எழுதி, நீலப்பூ பாத்திரத்துக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தாள்.